ஆயா, இதைக் கொஞ்சம் நிறுத்தி வையேன்

பெரம்பூரில் என் அம்மா வீட்டில் ராத்திரி ஏழரை மணிக்கு மேல் டிவி வேறு யாருக்கும் கிடைக்காது. வரிசையாக சீரியல். என் அண்ணன் மகளுக்கு ஆறு வயது, சோழிங்கநல்லூர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்பவள். அரையாண்டு விடுமுறைக்கு வந்தவள் ஆயாவின் மடியில் உட்கார்ந்து சீரியல் பார்க்க ஆரம்பித்தாள். முதல் நாளே நடுவில் எழுந்து, "ஆயா, இதைக் கொஞ்சம் நிறுத்தி வையேன், பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்" என்றாள்.

"இதெல்லாம் நிக்காது கண்ணு. இப்போ விளம்பரம் போடுவான், அப்போ போயிட்டு வா" என்றார் அம்மா.

விளம்பரம் வந்தது. அவள் போகவில்லை. கண்கொட்டாமல் பார்த்தாள். சேற்றில் புரண்டுவிட்டு வந்த ஒரு பையனின் சட்டையை அவன் அம்மா கோபமே படாமல் சிரித்துக்கொண்டே துவைத்தாள். சீரியல் திரும்பியதும் இவள் என் பக்கம் திரும்பினாள். "அத்தை, அந்தச் சட்டை அழுக்கான பையன் யாரு? இந்த மருமகளோட பையனா? எங்க போயிட்டான்?"

வீடே சிரித்தது. எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. சோப்புத் தூள் விளம்பரத்தை அவள் கதையின் அடுத்த காட்சியாக எடுத்துக்கொண்டிருக்கிறாள். விவரம் இல்லாத பிள்ளை என்று சொல்ல முடியாது. டேப்லெட்டில் தனக்கு வேண்டியதைத் தேடி எடுப்பாள், மொழி மாற்றுவாள், தொடக்கப் பாட்டைத் தள்ளிவிடுவாள். ஒரு கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு எதையாவது விற்பார்கள் என்கிற ஏற்பாடு மட்டும் அவள் வாழ்க்கையில் நடந்ததில்லை. பிறந்தது முதல் பார்த்ததெல்லாம் சந்தா கட்டிய ஓடிடி.

இப்படி ஒரு தலைமுறை நம் வீடுகளில் வளர்கிறது. இது நல்லதா, கெட்டதா, எதைக் கவனிக்க வேண்டும் என்று என்னிடம் கேட்கிற தோழிகளுக்காக, அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன்.

டிவி நிகழ்ச்சி எடுக்கப் பணம் வேண்டும். அந்தப் பணத்தை யார் தருகிறார்கள் என்பதுதான் மொத்த விஷயமும். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. தூர்தர்ஷன் விளம்பரம் வாங்க ஆரம்பித்தது 1976ல். அதற்கு முன் அரசாங்கப் பணம் மட்டும்தான். 1993ல் சன் டிவி வந்து தனியார் சேனல்கள் பெருகியபோது கணக்கு தலைகீழானது. 2011ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு 90 சேனல் கொடுத்தது. வகுத்துப் பார்த்தால் ஒரு சேனலுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. அந்தக் காசில் ஒரு சீரியல் கதாநாயகிக்குப் பட்டுப்புடவை வாங்க முடியுமா? மீதியை விளம்பரதாரர் கொடுத்தார். சேனல்கள் விளம்பர நேரத்தை 10 விநாடிக்கு இவ்வளவு என்று விலை போட்டு விற்கின்றன. எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அளப்பது அந்த விலையை நிர்ணயிக்கத்தான். நாம் நிகழ்ச்சியை வாங்குகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். சேனல் நம் கண்களை விற்றுக்கொண்டிருந்தது.

எவ்வளவு விற்றது? கேபிள் டிவி விதிகளின்படி ஒரு மணி நேரத்துக்கு அதிகபட்சம் 12 நிமிடம் விளம்பரம். அதில் 10 நிமிடம் பொருள்களுக்கு, 2 நிமிடம் சேனல் தன் நிகழ்ச்சிகளைப் பற்றித் தானே பீற்றிக்கொள்ள. இந்த வரம்பை எதிர்த்துச் சேனல்கள் நீதிமன்றம் போனது தனிக்கதை. வரம்புக்குள்ளேயே கணக்குப் போடுவோம். தினம் இரண்டு மணி நேரம் டிவி பார்க்கும் பிள்ளைக்கு நாளைக்கு 24 நிமிடம், வருடத்துக்கு 146 மணி நேரம். ஒன்று 30 விநாடி என்று வைத்தால் வருடத்துக்கு 17,520 விளம்பரம். ஐந்து வயதிலிருந்து பத்து வயதுக்குள் எண்பதாயிரத்தைத் தாண்டிவிடும். நாமெல்லாம் அப்படித்தான் வளர்ந்தோம். "பேஷ் பேஷ், ரொம்ப நன்னாருக்கு" என்று சொன்னால் எந்தக் காபி என்று கேட்காமலே தெரிகிற தலைமுறை. சினிமாவுக்கு வருவதற்கு முன் ரஹ்மான் இசையமைத்த லியோ காபி விளம்பரத்தை இன்றும் முணுமுணுக்கிறவர்கள் என் அலுவலகத்தில் இருக்கிறார்கள். காபியே குடிக்காதவர்கள்.

ஓடிடி இந்த ஏற்பாட்டை மாற்றியது. ஹாட்ஸ்டார் 2015லும், நெட்ஃப்ளிக்ஸும் பிரைம் வீடியோவும் 2016லும் இந்தியாவில் கால்வைத்தன. சந்தா கட்டினால், நிகழ்ச்சிக்கான காசு நேராக நம் பையிலிருந்து போகிறது. நடுவில் விளம்பரதாரர் தேவையில்லை. அதனால் பிரேக்கும் இல்லை. என் அண்ணன் மகளுக்கு விளம்பரம் தெரியாமல் போனதற்கு அவள் அப்பா மாதாமாதம் கட்டும் சந்தாதான் காரணம்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் தாண்ட முடியாது. விளம்பரம் பார்க்காமல் வளர்வது இன்று காசு கொடுத்து வாங்குகிற ஒன்று. அம்மா வீட்டுக்கு எதிர்வீட்டுப் பையனும் அதே கார்ட்டூனைத்தான் பார்க்கிறான். அவன் பார்ப்பது அவன் அம்மாவின் போனில், இலவச யூடியூப்பில். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று. ஐந்து விநாடி எண்ணிவிட்டு ஸ்கிப்பை அழுத்துவதில் அவன் விரல் காட்டும் வேகத்தைப் பார்க்க வேண்டும். இந்தச் சலுகை நிலையானதும் இல்லை. பிரைம் வீடியோ 2025 ஜூன் முதல் இந்தியாவில் சந்தாதாரர்களுக்கும் விளம்பரம் காட்டுகிறது. கூடுதலாகக் கட்டினால்தான் விலக்கு. நெட்ஃப்ளிக்ஸ் 2022லேயே சில நாடுகளில் விளம்பரத்தோடு கூடிய மலிவுத் திட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது.

சரி, விளம்பரம் இல்லாதது பிள்ளைக்கு நல்லதுதானே? பெரும்பாலும் ஆமாம். அதற்குக் காரணம் பிள்ளைகளின் மூளை வளர்கிற வரிசையில் இருக்கிறது.

நான்கைந்து வயது வரை நிகழ்ச்சி வேறு, விளம்பரம் வேறு என்பதே பிள்ளைக்குச் சரியாகப் பிடிபடாது. அப்புறம் இரண்டும் வேறு என்று தெரிய ஆரம்பிக்கும். ஆனால் எப்படித் தெரியும் என்றால், "இது சின்னதா இருக்கும், பாட்டு வரும், ஜாலியா இருக்கும்" என்கிற அளவில்தான். இதை நமக்குக் காட்டுகிறவர் ஏதோ காரணத்தோடு காட்டுகிறார், நம்மை வாங்கவைக்கப் பார்க்கிறார் என்பது புரிய ஏழெட்டு வயதாகிவிடும். அமெரிக்க உளவியல் சங்கம் அமைத்த குழு 2004ல் தந்த அறிக்கை இதைத்தான் சொன்னது: எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் விளம்பரம் சொல்வதை உண்மை என்றே எடுத்துக்கொள்கிறார்கள், ஆகவே அவர்களைக் குறிவைக்கும் விளம்பரத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். விளம்பரத்தில் எல்லாவற்றையும் சொல்லாமல் விடுவார்கள், மிகைப்படுத்துவார்கள் என்று சந்தேகப்படுவதற்குப் பன்னிரண்டு வயதை ஒட்டி வர வேண்டும். என் அண்ணன் மகள் குழம்பியது கொஞ்சம் தாமதம்தான், ஆனால் வயதுக்கு மீறிய அசட்டுத்தனம் இல்லை. பழக்கம் இல்லாததும் சேர்ந்துகொண்டது.

அதனால்தான் சில இடங்களில் சட்டமே போட்டிருக்கிறார்கள். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1980 முதல் 13 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது. ஸ்வீடன் 1991ல் 12 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கான டிவி விளம்பரத்தைத் தடை செய்தது. அதனால் வித்தியாசம் தெரிந்ததா என்று பார்க்க இங்கிலாந்தில் ஒரு வேடிக்கையான வழி கண்டுபிடித்தார்கள். கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குப் பிள்ளைகள் எழுதும் கடிதங்களை வாங்கிப் படித்தார்கள். 2002ல் வெளிவந்த அந்த ஆய்வில், டிவி அதிகம் பார்த்த பிள்ளைகளின் கடிதத்தில் பட்டியல் நீளமாக இருந்தது. ஸ்வீடன் பிள்ளைகள் கேட்டது குறைவு. நம் ஊரில் தீபாவளிக்கு முன் இப்படி ஒரு கடிதம் எழுதச் சொன்னால் பட்டாசு லிஸ்ட்டைத் தவிர வேறு என்ன வரும் என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை, சிரிப்புதான் வந்தது.

ஆக, குறைவாகப் பார்த்தால் குறைவாகக் கேட்கிறார்கள். கடையில் நின்று அடம்பிடிக்கும் சண்டை குறைகிறது. இது லாபம். இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது பாலில் கலந்து குடித்தால் மளமளவென்று உயரமாகலாம் என்று ஒரு பவுடருக்கு விளம்பரம் வந்தது. வகுப்பில் நான்தான் முதல் பெஞ்சுக் குள்ளச்சி. அப்பாவை நச்சரித்து வாங்கவைத்தேன். சமையலறைக் கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு மூன்று மாதம் குடித்தேன். கோடு போட்ட இடத்திலேயே நின்றது. டிவியில் அதே விளம்பரம் அடுத்த முறை வந்தபோது நான் அதைப் பார்த்த பார்வை வேறு. அதில் வரும் பெண் நிஜமாகவே இதைக் குடித்துத்தான் வளர்ந்தாளா, இல்லை உயரமான பெண்ணாகப் பார்த்துப் பிடித்து நடிக்கவைத்தார்களா?

இந்தச் சந்தேகத்தைப் படிப்பாளிகளும் ஆராய்ந்திருக்கிறார்கள். மரியன் ஃப்ரீஸ்டாட், பீட்டர் ரைட் என்ற இருவர் 1994ல் எழுதிய கட்டுரையில் விளக்கிய கருத்து அது: ஒருவர் நம்மை இணங்கவைக்கப் பார்க்கிறார் என்று கண்டுகொள்வது, அவர் என்ன உத்தியைக் கையாள்கிறார் என்று புரிந்துகொள்வது, அதற்குத் தக்கபடி நடந்துகொள்வது. பிறவியிலேயே வருவதில்லை, பட்டுப் பட்டுச் சேர்வது. நான் எளிதாக ‘விற்பனை வாசனை’ என்று சொல்லிக்கொள்கிறேன். காய்கறிக் கடையில் அம்மா தக்காளியைத் திருப்பிப் பார்ப்பதும், "அக்கா, உங்களுக்காகத்தான் இந்த விலை" என்று சொல்கிற துணிக்கடைப் பையனைப் பார்த்து அவர் லேசாகச் சிரிப்பதும் இந்த மூக்கு வேலை செய்வதுதான்.

எங்கள் தலைமுறைக்கு இந்த மூக்கைப் பழக்கிய பயிற்சிக்கூடம் பிரேக். பழகுவதற்கு வசதியாக அதற்கு ஓர் எல்லைக்கோடும் இருந்தது. "எங்கேயும் போயிடாதீங்க, ஒரு சின்ன பிரேக்!" என்று தொகுப்பாளர் சொன்ன அந்த நொடியே கோடு. சத்தம் திடீரென்று கூடும், நிறம் மாறும், வீட்டில் ஒருவர் அடுப்பை அணைக்க எழுந்து போவார். கேபிள் டிவி விதிகளே விளம்பரம் நிகழ்ச்சியிலிருந்து தெளிவாகப் பிரிந்து தெரிய வேண்டும் என்று கேட்கின்றன. நம் சொல்லையே பாருங்கள். விளம்பு என்றால் சொல், வெளிப்படையாக அறிவி. விற்க வந்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வந்தது விளம்பரம். பொய்யே சொன்னாலும் வாசலில் நின்று மணியடித்துவிட்டுச் சொன்னது.

பிரேக் போனதும் விற்பனை போய்விடவில்லை. மணியடிப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டது. என் அண்ணன் வீட்டில் இரண்டு நாள் உட்கார்ந்து கவனித்தேன். "எங்க வீட்ல விளம்பரமே கிடையாது" என்று அண்ணி பெருமையாகச் சொல்வார். அங்கே நான் எண்ணியவற்றில் சிலதைச் சொல்கிறேன்.

ஒரு வீடியோவில் ஒரு கை, முகம்கூடத் தெரியவில்லை, பொம்மைப் பெட்டியைப் பிரிக்கிறது. பிளாஸ்டிக் முட்டையைத் திறக்கிறது, உள்ளே என்ன என்று ஆச்சரியப்படுகிறது, அடுத்ததைத் திறக்கிறது. பதினைந்து நிமிடம். கதை இல்லை, ஆள் இல்லை. பழைய கணக்கில் 30 விநாடி விளம்பரம் முப்பது சேர்ந்து ஒன்றாக வந்தது போல. ஆனால் குழந்தையைப் பொறுத்தவரை இதுதான் நிகழ்ச்சி. எல்லை எங்கே என்று கேட்டால், முழுக்கவும் விளம்பரத்தின் பக்கம்தான்.

அடுத்தது பாத்திரங்கள். கார்ட்டூன் நாயகன் திரையில் எதையும் வாங்கச் சொல்வதில்லை. ஆனால் ஸ்கூல் பேக்கில், தண்ணீர் பாட்டிலில், செருப்பில், பிஸ்கட் உறையில் அவன்தான். இது புதிதில்லை. அமெரிக்காவில் 1980களில் கட்டுப்பாடுகள் தளர்ந்ததும், பொம்மையை முதலில் செய்துவிட்டு அதை விற்கக் கார்ட்டூன் எடுத்தார்கள். இங்கேயும் ஹைதராபாதில் பிறந்த சோட்டா பீம் 2008ல் டிவிக்கு வந்து, பென்சில் பெட்டி வரை நீண்டுவிட்டான். உறைக்கு இருக்கும் பலத்தைக் காட்ட ஒரு சோதனை உண்டு. 2007ல் வெளியான அமெரிக்க ஆய்வில் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் 63 பேருக்கு ஒரே உணவை இரண்டு விதமாகக் கொடுத்தார்கள், ஒன்று வெற்று உறையில், ஒன்று மெக்டொனால்ட்ஸ் உறையில். பெயர் போட்டதுதான் ருசி என்றார்கள் பிள்ளைகள். கேரட்டைக்கூட. அந்தக் கேரட் அந்தக் கடையில் வாங்கியதே இல்லை.

மூன்றாவது, கேம். "அத்தை, ஒரு விளம்பரம் பார்த்தா ஒரு உயிர் குடுப்பான்." விளம்பரம் என்ற சொல் அவளுக்குத் தெரிந்திருக்கிறது! ஆனால் அவள் அகராதியில் அதன் பொருள் வேறு: உயிர் வாங்கக் கொடுக்கிற காசு. அது ஓடும் நேரத்தில் போனைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகிறாள். இவளுடைய பிரேக் இங்கே இருக்கிறது என்று புரிந்தபோது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

அப்புறம் ஐபிஎல். அண்ணன் வீட்டில் ஓவருக்கு ஓவர் விளம்பரம் வருவது அப்போது மட்டும்தான். சேப்பாக்கத்தில் ஆட்டம் என்றால் சட்டையில், எல்லைக்கோட்டில், ஸ்டம்ப்பில், ஆறு அடித்தால் அந்த ஆறின் பெயரில்கூட ஒரு கம்பெனி. ஒரு பெரிய நடிகர் ஏலக்காயை வாயில் போட்டுக்கொண்டு உலகத்தையே வென்றது போல நடந்து வந்தார். "ஏலக்காய் தின்னா ஏன் இவ்ளோ சந்தோஷம்?" என்று கேட்டாள் குழந்தை. விற்க வந்தது ஏலக்காய் இல்லை, அதே பெயரில் கடையில் தொங்கும் பான் மசாலா என்று ஆறு வயதுக்கு எப்படிச் சொல்வது? நேராகக் காட்ட முடியாததை வேறு முகமூடி போட்டுக் காட்டுகிறார்கள் என்று அண்ணன் விளக்கப் போனார். பாதியில் விக்கெட் விழுந்துவிட்டது.

குறிவைத்து வரும் விளம்பரம் என்று ஒன்றைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதையும் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். ரங்கநாதன் தெருவில் ஒருவர் "நூறு ரூபா, நூறு ரூபா" என்று கத்துகிறார். எல்லோருக்கும் ஒரே கத்தல். இது டிவி. அதே ஆள் உங்கள் பின்னாலேயே நடந்து, எந்தக் கடையில் எவ்வளவு நேரம் நின்றீர்கள், எதைத் தொட்டுப் பார்த்தீர்கள் என்று குறித்துவைத்து, வீட்டுக்குப் போகும்போது காதருகே வந்து அதையே சொன்னால்? போனில் வருவது இரண்டாவது வகை. அம்மாவின் போனில் பிள்ளை பாட்டுக் கேட்டால் இரண்டு பேரின் குறிப்பும் கலந்துவிடும். அண்ணியின் யூடியூப் முழுக்க யானைப் பாட்டு, நடுவில் புடவை.

சட்டம் ஒன்றும் சும்மா இல்லை. யூடியூப் பிள்ளைகளின் தகவலைச் சேகரித்ததற்காக 2019ல் அமெரிக்காவில் 17 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. 2020 முதல் பிள்ளைகளுக்கான வீடியோக்களில் குறிவைத்த விளம்பரம் இல்லை, பொதுவான விளம்பரம் உண்டு. நம் நாட்டில் 2022ல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த வழிகாட்டு நெறிகளின்படி பிள்ளைகளுக்கான நிகழ்ச்சியிலோ சேனலிலோ சிப்ஸ், குளிர்பானம் போன்றவற்றை விளம்பரம் செய்யக் கூடாது. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களை விற்கவோ விளம்பரம் செய்யவோ கூடாது என்கிறது 2020ன் உணவுப் பாதுகாப்பு விதி. எந்தப் பள்ளி வாசலிலும் நின்று பார்த்து நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். 2023ன் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைக் குறிவைத்த விளம்பரத்தைத் தடுக்கும் பிரிவு இருக்கிறது. வீடியோவில் ஒரு பொருளைப் பற்றிக் காசு வாங்கிக்கொண்டு பேசினால் அதைச் சொல்ல வேண்டும் என்று விளம்பரத் தரக் கவுன்சில் 2021ல் நெறி வகுத்தது. ஆனால் அந்த அறிவிப்பு மூலையில் சின்ன எழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகிறது. அ, ஆ எழுதிக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு அது அழகான புள்ளி, அவ்வளவுதான்.

அதனால் வீட்டில் என்ன செய்யலாம்? பிரேக்கை நினைத்து ஏங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மூக்கைப் பழக்குவதற்காக வருடம் 17,520 விளம்பரத்தைப் பிள்ளை தலையில் கொட்டுவது, நீச்சல் கற்றுக்கொடுக்க மெரினா அலையில் தள்ளிவிடுவது போல. பழக்கத்துக்குக் கொஞ்சம் போதும், பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருந்தால்.

நான் அவளோடு ஒரு விளையாட்டு ஆரம்பித்தேன். பெயர் ‘யார் காசு?’ அந்த விடுமுறையில் 29சி பஸ்ஸில் பெசன்ட் நகர் போகும்போது ஜன்னல் வழியே எதைப் பார்த்தாலும் மூன்று கேள்வி: இதை இங்கே வைக்க யார் காசு கொடுத்தார்கள், நம்மை என்ன செய்யச் சொல்கிறார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள்? முதலில் ஆட்டோ முதுகில் இருந்த டியூஷன் சென்டர். "டியூஷன்காரர் காசு. நம்மள படிக்கச் சொல்றாரு. ஃபீஸ் எவ்ளோன்னு சொல்லல." கடற்கரை வருவதற்குள் அவள் என்னை முந்திவிட்டாள். தெருப்பெயர்ப் பலகையைக் காட்டி "இது யாரு காசு?" என்றாள். மாநகராட்சி, நம் வரிப்பணம் என்றேன். அப்போ அது விளம்பரம் இல்லையா என்று கேட்டாள். கல்யாண மண்டப வாசலில் மாப்பிள்ளை, பெண் படத்தோடு நின்ற பேனரைப் பார்த்து, "இவங்க எதை விக்கிறாங்க?" என்றாள். அதற்கு இன்னும் என்னிடம் சரியான பதில் இல்லை.

வீட்டில் சீரியல் நேரத்தில் வேறொரு வடிவம். பிரேக் வந்ததும் அம்மா சத்தத்தை அணைத்துவிடுவார். ஊமைப் படமாகப் பார்த்து எதை விற்கிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். சிரிக்கும் குடும்பம், சாப்பாட்டு மேசை, அம்மா எல்லோரையும் பார்த்துப் பூரிக்கிறார். எண்ணெயா, நெய்யா, மசாலாவா, இன்சூரன்ஸா? சத்தம் இல்லையென்றால் எல்லாம் ஒன்றுதான் என்று கண்டுபிடித்தவர் அம்மா. நாற்பது வருடமாகப் பார்க்கிறவர். "ஏண்டி, இதுல ஒருத்தியும் தட்டு கழுவறதே இல்ல" என்றார்.

சின்னப் பிள்ளைகளிடம் நீண்ட விளக்கம் எடுபடாது. திரைக்கு முன்னால் இருக்கும்போது, அந்த நேரத்திலேயே, ஒரே ஒரு வரி போதும்: "இந்த அக்காவுக்கு இந்த பொம்மையை சும்மா குடுத்திருக்காங்க, அதான் நல்லாருக்குன்னு சொல்றாங்க." எட்டு வயதுக்கு மேல் அந்த வரியைக் கேள்வியாக மாற்றிக் கேட்கலாம். பன்னிரண்டுக்கு மேல் நாம் சும்மா இருந்தாலே போதும், அவர்களே நம் போனை வாங்கிப் பார்த்து நாம் எதில் ஏமாந்தோம் என்று சொல்வார்கள்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. தெரிவது வேறு, தடுப்பது வேறு. இது விளம்பரம் என்று கண்டுகொண்ட பிள்ளைகளும் அந்தப் பொருளை ஆசைப்படுவதைக் குறைத்துக்கொள்வதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கின்றன. ஆசை வேகமாக ஓடுகிறது, அறிவு பின்னால் மூச்சிரைக்க வருகிறது. பெரியவர்களுக்கு மட்டும் வேறு மாதிரியா என்ன? ஆடித் தள்ளுபடி என்பது விற்பனை உத்தி என்று தெரியாமலா தி.நகரில் அத்தனை கூட்டம்?

விடுமுறை முடியும் நாள் அவளை அழைத்துக்கொண்டு பெரம்பூரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனேன். அரிசி, துவரம்பருப்பு, அம்மாவுக்குக் கோலமாவு. பில் போடுகிற இடத்துக்கு முன்னால், சரியாக அவள் கண் உயரத்தில், கார்ட்டூன் படம் போட்ட சாக்லேட் முட்டைகள் அடுக்கியிருந்தன. நின்றாள். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள், அவள் ஆயா தக்காளியைப் பார்ப்பது போலவே.

"அத்தை, இந்தப் படத்தைப் போட்டது நாம வாங்கணும்னுதானே?"

"ஆமாம்."

"இங்க வெச்சதும் என் கண்ணுல படணும்னுதானே?"

"ஆமாம்டி."

"உள்ள இருக்கற பொம்மை ரொம்பச் சின்னதா இருக்கும். அதைச் சொல்லல." கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு முட்டையைக் கூடையில் கோலமாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். "தெரியும். ஆனா வாங்கிக் குடு."

வாங்கிக் கொடுத்தேன்.